வாசலோடு நின்ற கதை

ரோட்டர்டாம்
9 மார்ச் 1997

லுட்வினா சிசாவுக்கு,

இன்னும் சிசா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. உங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். இத்தனை வருடம் அப்படியே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு வேறு பெயர் வரவில்லை. அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு லீவார்டனில் மகள் ஷர்லேன் வீட்டோடு போய்விட்டீர்கள் என்று சொல்லி, விலாசத்தையும் சலவைக்கூடத்தில்தான் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் செய்யலாம் என்றால் உங்கள் குரல் கேட்டதும் எனக்கு அழுகை வரும், என் குரல் கேட்டதும் உங்களுக்குக் கோபம் வரும். எழுத்து என்றால் இரண்டும் கொஞ்சம் காத்திருக்கும். புதன்கிழமை வகுப்பில் கற்ற டச்சு எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் காரணம் உங்கள் சட்டி. அன்று என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே போய்விட்டீர்களே, அந்த மீன் சட்டி. என் கொழுந்தன் அல்லால் அதைக் குப்பையில் போடச் சொன்னான். நான் போடவில்லை. மீன்தானே, எங்கள் மார்க்கத்தில் தின்னலாம். தின்றேன். மிளகாய் எப்போதும் போல அதிகம். அது நல்லதாகப் போயிற்று, கண்ணீருக்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டியைக் கழுவி அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நான் இன்னும் வெள்ளையில்தான் இருக்கிறேன். புருஷன் போனால் எங்கள் பெண்கள் வெள்ளை உடுத்தி வீட்டோடு இருக்க வேண்டும். மே மாதக் கடைசியில் முடியும். ஹத்தூவை அல்லால் விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோய் எங்கள் மலையிலேயே புதைத்துவிட்டு வந்தான். பெண்கள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். திரும்பி வந்தவனிடம், அந்த இடத்து மண் எப்படி இருந்தது என்று கேட்டேன். “மண்ணு மண்ணு மாதிரிதான் இருந்துச்சு அண்ணி” என்றான்.

பள்ளிவாசல் பெண்கள் வருகிறார்கள். இறைவன் அவருக்கு அருள் செய்யட்டும் என்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் யாரும் ஹத்தூவைப் பற்றிப் பேசவில்லை. யாரோ ஒரு நல்ல மனுஷன் போய்விட்டது போலப் பேசுகிறார்கள். கப்பல் தளத்தில் இரும்பு ஒட்டி, கையெல்லாம் சூட்டுத் தழும்போடு வந்து, சர்க்கரை போதாது என்று தேநீரைத் திருப்பித் தருகிற ஹத்தூவை யாருக்கும் தெரியவில்லை.

அன்று வாசலில் நீங்கள் ஒரு கதையை ஆரம்பித்தீர்கள். “ஒருநாள் மழையில ஹத்தூ கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு. நான் கிட்டப் போயி, ஏன் ஹத்தூ, அப்படின்னு கேக்குறேன்” என்றீர்கள். அதோடு நின்றுவிட்டது. அதன் மீதி என்ன?

அவர் தினமும் சலவைக்கூடத்து வாசலில் வந்து நிற்பாரே. நீங்களெல்லாம் “மிமூன், உன் போலீஸ்காரர் வந்தாச்சு” என்று கேலி செய்வீர்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். வேலைக்குப் போகிற பெண்டாட்டியை நம்பாத ஆள் என்றுதானே அர்த்தம். அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. இனி யாரைக் கேட்பது. உங்களைத்தான் கேட்க வேண்டும்.

கீழ்வீட்டுக் கிழவியின் நாய் இன்னும் மாடிப்படியில்தான் படுத்துக் கிடக்கிறது. முன்பெல்லாம் ஹத்தூ என்னைத்தான் முன்னால் விடுவார். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு ஆகாது, மறுபடி கழுவ வேண்டும் என்பார். நான் அதை ஒதுக்கிய பிறகு பின்னால் ஏறி வருவார். இப்போது ரொட்டி வாங்கிக்கொண்டு தனியாக ஏறுகிறேன். அது என் வெள்ளைத் துணியை மோந்து பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது.

மீதிக் கதையை எழுதுங்கள்.

மிமூன்த்


லீவார்டன்
17 மார்ச் 1997

மிமூன்,

உன் கடிதம் மேசையிலேயே கிடந்தது. “அம்மா, அது கடிக்காது, பிரி” என்றாள் ஷர்லேன். பிரித்தேன்.

சட்டியை நீயே வைத்துக்கொள்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். என் தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேரை அன்று கூட்டி வந்தேன். அவர்கள் உன் புருஷனைப் பார்த்ததுகூட இல்லை. நான் கேட்டேன் என்பதற்காக, அந்தக் குளிரில் இரண்டு டிராம் மாறி வந்தார்கள். எங்கள் சுரினாமில் எட்டாம் நாள் மாலை செத்தவர் வீட்டில் கூடிப் பாடுவோம். அவர் அடித்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். அப்போதுதான் போகிறவருக்கு, நம்மை இங்கே தெரிந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு நிம்மதி. உங்களில் அப்படி இல்லை என்று எனக்கு யார் சொன்னது? நீ சொன்னாயா? கால் வலி, முதுகு வலி, உருளைக்கிழங்கு விலை எல்லாம் பேசினோம். செத்தால் என்ன செய்வோம் என்று ஒருநாளும் பேசவில்லை.

சரி, தெரியாமல் வந்தோம். “இன்னைக்கு வேணாம் அம்மா” என்று சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்போம். உன் கொழுந்தன் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிக் கையை வீசினான். என் கூட வந்தவள் “லுட்வினா, என்ன சொல்றாரு?” என்று கேட்டாள். “வேற நாள் வரச் சொல்றாரு” என்றேன். இந்த வயதில் அந்தப் பெண்களிடம் நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? உன் கையால் எழுது. எழுதினால் மீதிக் கதையைச் சொல்கிறேன். எழுத முடியாவிட்டால் கதை என்னோடு இருக்கட்டும்.

லுட்வினா


ரோட்டர்டாம்
2 ஏப்ரல் 1997

லுட்வினா சிசாவுக்கு,

அந்த வார்த்தையை விடுங்கள். அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தவன், நாலு நாள் தூங்காதவன், ஏதோ சொன்னான். வீடு முழுக்க ஆண்கள் குர்ஆன் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வாசலில் பாட்டும் சிரிப்புமாக நாலு பெண்கள். நான் என்ன செய்வேன்? எனக்கு அந்த வீட்டில் அன்று வாய் இருந்ததா?

நான் தரையைப் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். சரி. நானும் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், என்னை இஸ்திரி இயந்திரத்துக்கு மாற்றலாமா என்று பேச ஆபீசில் கூப்பிட்டார்கள். நீங்களும் கூட வந்தீர்கள். அந்த வெள்ளைக்கார அம்மா என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் “அவளுக்குப் புரியாது, நான் சொல்றேன்” என்றீர்கள். எனக்குப் புரிந்தது சிசா. மெதுவாகத்தான் வார்த்தை வரும், ஆனால் புரிந்தது. பிறகு நீங்கள் சொன்னதும் புரிந்தது. “முதல்ல அவ போலீஸ்காரர் அனுமதி குடுக்கணுமே” என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றும் நான் தரையைத்தான் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போயிற்று.

உங்களுக்கு இந்த நாட்டுப் பாஷை பிறந்ததிலிருந்தே இருக்கிறது. இவர்கள் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில், பள்ளிக்கூடத்தில் இந்த நாட்டு ராணிக்குப் பாட்டுப் பாடியிருக்கிறேன் என்று நீங்களே சொல்வீர்கள். என்னிடம் கடைக்காரன் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, செவிடியிடம் பேசுவது போலப் பேசுவான். உங்களிடம் அப்படிப் பேச மாட்டான்.

கேட்டில் மட்டும்தான் நாம் இரண்டு பேரும் ஒன்று. வேலை முடிந்து வரிசையாக வெளியே போகும்போது, காவல்காரன் நம் இரண்டு பேர் பையை மட்டும் திறக்கச் சொல்வான். நீங்கள் சண்டை போடுவீர்கள். “எதுக்கு? உள்ள படுக்கை விரிப்ப மடிச்சு வெச்சிருக்கேனா?” என்று கேட்பீர்கள். நான் அவன் கேட்பதற்கு முன்பே திறந்து காட்டுவேன். தெருவுக்கு வந்ததும் அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள். ஆனாலும் ஹத்தூ நிற்கிற இடம்வரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவீர்கள். அவரைக் கண்டதும் விட்டுவிடுவீர்கள்.

நேற்று கட்டில் விரிப்பை மடிக்கப் பார்த்தேன். ஒரு நுனியை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் கோணலாகத்தான் வருகிறது. சலவைக்கூடத்தில் நீங்களும் நானும் மடித்த மாதிரி, அது இரண்டு பேர் மடிக்கிற துணி.

மீதிக் கதையைக் கேட்டுத்தான் இதையும் எழுதுகிறேன். வெட்கமில்லாமல் கேட்கிறேன்.

மிமூன்த்


லீவார்டன்
20 ஏப்ரல் 1997

மிமூன்,

அந்த ஆபீஸ் அறையை நான் மறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன், அதில் எனக்கு வசதி இருந்தது. அவளோடு சேர்ந்து சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சாயங்காலம் கேட்டில் காவல்காரன் என் பையைத் திறக்கச் சொன்னான். நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

நீ முன்கூட்டியே பையைத் திறப்பாயே, அதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கோபம் வரும். ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். இவள் தலைத்துணியை எடுத்துவிட்டால் இவளை விட்டுவிடுவான், இந்தக் கறுப்புத் தோலோடு நான் எதை எடுத்துக் கீழே வைப்பது என்று நினைப்பேன். நீ எடுக்க மாட்டாய், அதுவும் தெரியும். எனக்குப் பாஷை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, “அட, எவ்வளவு நல்லா டச்சு பேசுறீங்க” என்று இந்த ஊர்க் கடைக்காரி நேற்றுகூடச் சொன்னாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

இன்னொன்று. நீ கதவைத் திறந்தாயே அன்று, தலையிலிருந்து கால்வரை வெள்ளை. நானும் வெள்ளை, என் கூட வந்தவர்களும் வெள்ளை. எங்களில் எட்டாம் நாளுக்கு வெள்ளைதான். அதைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவி மகள், எனக்காக எங்கள் வழக்கத்தை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, உடுத்தித் தயாராக நிற்கிறாள் என்று நினைத்தேன். அதனால்தான் உள்ளே வருவதற்கு முன்பே, படியிலேயே கதையை ஆரம்பித்துவிட்டேன். உன் துக்கத்துணி அது என்று எனக்கு எப்படித் தெரியும்.

கதையை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எங்களில் செத்தவர் கதையைச் சும்மா ஒருத்தி சொல்லி, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நடுவில் யாராவது “நிறுத்து, நானும் அங்க இருந்தேன்” என்று எழுந்து வெட்ட வேண்டும். ஒரு பாட்டைப் போட வேண்டும். பிறகுதான் கதை மேலே போகும். காகிதத்தில் வெட்ட யார் இருக்கிறார்கள்? அதை நேரில்தான் சொல்ல முடியும்.

வர எனக்கும் ஆசைதான். இங்கே ஷர்லேன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் நாள் முழுக்கக் கை சும்மா இருக்கிறது. எதிர்முனையில் ஆள் இல்லாதது போல.

நீ அந்த வார்த்தையை இன்னும் எழுதவில்லை.

லுட்வினா


ரோட்டர்டாம்
11 மே 1997

சிசா,

எழுதுகிறேன். இரண்டு காகிதம் கிழித்தாயிற்று.

அவன் சொன்னது, “இந்த அடிமைங்கள யார் கூப்பிட்டது?” என்பது. அடிமை என்ற வார்த்தைதான். எங்கள் மலையில் கறுப்பாக இருப்பவர்களை அப்படித்தான் சொல்வார்கள். கெட்ட எண்ணம் இல்லாமலும் சொல்வார்கள், கெட்ட எண்ணத்தோடும் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். உங்களோடு பழகிய பிறகு என் வாயில் அது வந்ததில்லை. ஆனால் அடுத்தவர் வாயில் வந்தபோது தடுத்ததும் இல்லை. உங்கள் பாட்டனுக்குப் பாட்டனைக் கரும்புத் தோட்டத்தில் விற்ற கதையை, விரிப்பு மடிக்கும்போது நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அது தெரிந்த நான் தரையைப் பார்த்தேன். வாய் இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். வாய் இருந்தது. பயமும் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அல்லால் வந்தான். தேநீர் வைத்தேன். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்.

“அல்லால், அன்னைக்கு வாசல்ல என் சிசாவப் பாத்து ஒரு வார்த்த சொன்ன.”

“எந்த வார்த்த அண்ணி?”

சொன்னேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சும்மா சொல்றதுதானே அண்ணி. யாரும் அப்படி நெனச்சுச் சொல்றதில்ல.”

“உன்ன இங்க கப்பல் தளத்துல ஒருத்தன் ஒட்டக மேய்க்கி, ஒட்டக மேய்க்கின்னு கூப்பிட்டானே. அவனும் சும்மாதான் சொன்னான். உங்க அண்ணன்கிட்ட வந்து எதுக்கு அழுத?”

கோப்பையைக் கீழே வைத்தான். கதவுவரை போய்விட்டு, “அது வேற” என்றான்.

“வேற இல்ல. இந்த வீட்டுல இனி அந்த வார்த்த வேணாம். வந்தா நீ வர வேணாம்.”

போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை. அவன் ஒருவன்தான் இங்கே எனக்கு ஹத்தூவின் ஜாடையில் மிச்சம்.

கதைக்காக இதைச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். ஆனால் வந்தால் நன்றாயிருக்கும். இந்த மாதக் கடைசி வாரம் எனக்கு வெள்ளை முடிகிறது. குளித்து நிறத்துணி உடுத்தலாம். முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. பள்ளிவாசல் பெண்கள் முந்தின நாளே வந்துவிட்டுப் போய்விடுவார்கள். சனிக்கிழமை யாரையும் கூப்பிடவில்லை. மீன் வாங்கி வைக்கிறேன். மிளகாய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மிமூன்த்


லீவார்டன்
19 மே 1997

மிமூன்,

எனக்கு அந்த வார்த்தை அன்றே தெரியும். பாஷை தெரியாவிட்டால் என்ன, அந்தக் கைவீச்சு எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். நீ எழுதுவாயா என்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். தனியாகத்தான் வருவேன், பாட்டுக்காரிகள் இல்லை. அதனால் வெட்டுவது உன் வேலை. பழகி வை.

வெள்ளை உடுத்திக்கொண்டு வரமாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்.

லுட்வினா


ரோட்டர்டாம்
8 ஜூன் 1997

என் சிசாவுக்கு,

சட்டியை மறுபடி விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பின பிறகுதான் பார்த்தேன். வேண்டுமென்றேதான் விட்டிருப்பீர்கள். அடுப்புக்கு மேலேயே இருக்கட்டும்.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கேப் வெர்டே தீவுக்காரி. இழுக்கத் தெரியவில்லை, வந்துவிடும். கேட்டில் காவல்காரன் அவள் பையையும் என் பையையும் திறக்கச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். “அவங்க பையையும் பாருங்க, நாங்க நிக்கிறோம்” என்று முன்னால் போன வெள்ளைக்காரிகளைக் காட்டிச் சொன்னேன். மெதுவாகத்தான் வார்த்தை வந்தது. வரும்வரை நின்றேன். அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். நாளைக்கு மறுபடி கேட்பான்தான்.

நேற்று அல்லால் வந்தான். வாசலிலேயே நின்றான். “வரலாமா அண்ணி?” என்றான். உள்ளே விட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவன் பாட்டுக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் பார்த்தால் ஜாடை ஹத்தூ மாதிரியே இருந்தது. நான் கதையை எடுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, இடுப்பில் கை வைத்து எழுந்து நின்று சொன்னேன்.

“மழ கொட்டுது. உங்க அண்ணன் கேட்டுக்கு வெளிய நனஞ்சுட்டு நிக்கிறாரு. என் சிசா போயி, ‘ஏன் ஹத்தூ, அவ ஓடிருவான்னு பயமா, தினம் தினம் காவலுக்கு வர்றீங்க?’ன்னு கேட்டாங்க. இவரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துட்டு, தெரிஞ்ச டச்சுல ‘நாய்’னாரு. ‘கீழ்வீட்டு நாய். பெருசு. மிமூன் வந்தா தள்ளிப் போகும். மிமூன் இல்லன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது’ன்னாரு. ரெண்டு விரல வாய்ல வெச்சு, அதோட பல்லு எவ்ளோ நீளம்னு காட்டினாரு. அப்புறம், ‘அவகிட்ட சொல்லிராதீங்க. நான் தொழுகைக்காக ஒதுங்குறேன்னு நெனச்சிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்’னாரு.”

இந்த இடத்தில்தான் நான் அன்று “நிறுத்துங்க, நானும் அங்க இருந்தேன்” என்று உங்களை வெட்டினேன். பாட்டுக்கு எங்கள் மலைக் கல்யாணப் பாட்டில் இரண்டு வரிதான் வந்தது, அதையும் பாதியில் சிரித்து அழுது கெடுத்தேன். நேற்று வெட்டியது அல்லால். கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

“இருங்க அண்ணி. நானும் இருந்தேன். சின்ன வயசுல மேய்ச்சல் நாயி ஒண்ணு அவன வாதுமை மரத்து மேல ஏத்திருச்சு. பொழுது சாயுற வரைக்கும் எறங்கல. எங்கம்மா வந்து நாயத் துரத்தித்தான் எறக்கினாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு எனக்கு அத்திப்பழம் குடுத்தான்.”

சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு தலையைத் தூக்கி, “இத அந்தம்மா எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்காங்க?” என்று கேட்டான்.

“எல்லார்கிட்டயும்” என்றேன்.

இத்தனை வருடம் அவர் என்னைக் காவல் காக்க வருகிறார் என்று நினைத்து மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன் சிசா. நான்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறேன். தெரிந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பேன். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அல்லாலைத் தெருவுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். நாய் படியில் குறுக்கே படுத்திருந்தது. கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன், அவர் நிற்கிற இடத்தில். அங்கிருந்து பார்த்தால் அது பெரிய நாய்தான். பிறகு போய் அதைக் காலால் மெல்ல ஒதுக்கி, சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பி, “இப்ப வாங்க” என்றேன்.

மிமூன்த்